இசக்கிசெல்வியின் ஸ்லைடுகள்

பொறாமைதான். சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? இசக்கிசெல்வி என் சொந்தச் சித்தி மகள். என்னைவிட ஐந்து வயது சின்னவள், நான் மூக்குத் துடைத்துவிட்டு வளர்த்த பிள்ளை. அந்த ஜூலை மாதம் முழுக்க அவள் பெயரைக் கேட்டாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

தாராவியில் எங்கள் தெருவில் சயின்டிஸ்ட் என்றால் ஒரு காலத்தில் நான் ஒருத்திதான். மாரீஸ்வரி என்ற பெயரே மறந்து போய்விட்டது. "சயின்டிஸ்ட் வீடு எது?" என்று கூரியர்காரன் கேட்டால் தெருவே கை காட்டும். செம்பூரில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் நான் பிஎச்டி சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. இசக்கி எம்எஸ்ஸி முடித்துவிட்டு வீட்டில் முழித்துக்கொண்டிருந்தபோது, "யக்கா, நானும் ஒங்கூட வாறேன்க்கா" என்றாள். சாரிடம் நானே பேசினேன். இன்டர்வியூவுக்கு என்ன கேட்பார்கள் என்று நானே சொல்லிக் கொடுத்தேன். முதல் நாள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எலியின் மூளையை உறைய வைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் ஒட்டுவோம். ஒரு ரசாயனப் பொடியை மெத்தனாலில் கரைத்து அதன் மேல் புகையாகத் தெளிப்போம். பிறகு எந்திரத்துக்குள் வைத்தால் லேசர் அதைப் புள்ளி புள்ளியாகச் சுடும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்பி வரும் மூலக்கூறுகளை எந்திரம் எடை போடும். எடையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். இந்த எடை மூளையில் எங்கெங்கே இருக்கிறது, காட்டு என்று கேட்டால் கம்ப்யூட்டர் வண்ணப் படமாகப் போட்டுக் காட்டும். மூளைக்குள் எந்தச் சரக்கு எந்த அறையில் இருக்கிறது என்று கதவைத் திறக்காமலே பார்ப்பது.

என் பங்குக்கு வந்தது டோபமின். மனசை வேண்டும் வேண்டும் என்று உந்துகிற சரக்கு. ஆறு வருஷமாக அதை நான் துரத்தியும் அது சரியாகப் பிடிபடவில்லை. நாங்கள் தெளிக்கும் பொடிக்கே கிட்டத்தட்ட அதே எடையில் ஓர் இரைச்சல் உண்டு. டோபமின் அதற்குள் முங்கிப்போகும். என் படங்கள் எல்லாம் மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி இருக்கும். டிசம்பரில் என் பதிவுக்காலம் முடிகிறது. அதற்குள் ஓர் ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் முதலில் வந்தாக வேண்டும். இரண்டாவது பெயரை எங்கள் பல்கலைக்கழகம் கணக்கிலேயே சேர்க்காது. முதல் பெயர் இல்லையென்றால் பட்டம் இல்லை, ஆறு வருஷமும் போச்சு.

லேபில் இந்த வருஷம் தயாராவது ஒரே கட்டுரை. எங்கள் சார் வேங்கடசுப்ரமணியனின் சட்டம் எளிமையானது. யாருடைய படம் கட்டுரையின் முதல் படமோ அவர் பெயர் முதலில். முதல் படம் என்னுடையதாகத்தான் இருக்கும் என்று போன வருஷம் வரைக்கும் எல்லோரும் நினைத்திருந்தோம்.

இசக்கிக்குக் கிடைத்தது கொலஸ்டிரால். மறதி நோய் வரவைத்த எலிகளின் மூளையில் கொலஸ்டிரால் கூடுகிறதா என்று பார்க்கும் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத நல்ல எலிகளை ஏப்ரலில் வெட்டி முடித்தாள். மே மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மகேஷ்குமார், மெட்ரோ ரயிலில் என்ஜினியர், சயானில் சொந்த வீடு. மழை நாளில் பைக்கில் ரெயின்கோட்டோடு வந்து கேட்டில் நிற்பான். நானும் அவளும் ஒரே நேரத்தில் வெளியே வருவோம். அவள் பைக்கில் ஏறிப் போவாள், நான் குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடப்பேன். வீட்டுக்குப் போனால் என் அம்மா ஆரம்பிப்பாள்.

"இசக்கி ஒன்னயவிட சின்னவ. படிப்பும் படிக்கா, குடும்பமும் நடத்துதா. நீ அந்த எலியோடயே கெட."

ஜூலையில் ஒரு நாள் சார் எல்லோரையும் கம்ப்யூட்டர் முன்னால் கூப்பிட்டார். திரையில் மூளைப் படங்கள் வரிசையாக இருந்தன. மேல் வரிசை நல்ல எலி, ஒரே நீலம். கீழ் வரிசை நோய் எலி. ஒவ்வொன்றிலும் வலது பக்கம் மட்டும் சிவப்பாகத் தகதகவென்று எரிந்தது.

"பாரு மாரி, இந்தப் பொண்ணு என்ன கொண்டுவந்திருக்கா பாரு! கொலஸ்டிரால் ஒரு பக்கம் மட்டும் ஏறிண்டு போறது. யாரும் பாத்ததில்லை இதை!" என்றார். சார் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரர். சந்தோஷம் வந்தால் இங்கிலீஷ் ஓடிவிடும், தமிழ் வந்துவிடும். "இதுதான் நம்ம முதல் படம். இசக்கி, அடுத்த புதன்கிழமை மீட்டிங்ல நீ பேசறே."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இசக்கி திரும்பி என்னைப் பார்த்து, "எல்லாம் அக்கா சொல்லிக் குடுத்ததுதான் சார்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயித்ததும் இல்லாமல் நல்ல பெயரும் வாங்கிக்கொள்கிறாளே, எனக்கென்று எதைத்தான் மிச்சம் வைப்பாள்?

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் லேபில் யாரும் இல்லை. நான் அவளுடைய ஃபைல்களைத் திறந்தேன். அவள் வேலையை ரசிக்கத் திறக்கவில்லை, தப்புக் கண்டுபிடிக்கத்தான் திறந்தேன். ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மறதி நோய்க்கு இடது வலது தெரியாது. அது பாகப்பிரிவினை பண்ணிக்கொண்டு வலது பக்கம் மட்டும் குடியேறுமா?

எங்கள் எந்திரத்தில் கொலஸ்டிரால் காட்டும் எடை 369.35. இசக்கி படம் போடும்போது 369-ஐச் சுற்றி இடம் விட்டு, அகலமாக வலை வீசியிருந்தாள். புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் பண்ணுவதுதான். நான் வலையைச் சுருக்கிப் பார்த்தேன். 369.35 மட்டும் என்று கேட்டதும் வலது பக்கத்துச் சிவப்பு மாயமாகிவிட்டது. இரண்டு வரிசையும் ஒரே நீலம். சிவப்பு எங்கே போயிற்று என்று தேடினால், பக்கத்திலேயே 369.13 என்று இன்னொரு ஆள் நெட்டையாக நிற்கிறான். அந்த எடையை இணையத்தில் போட்டுத் தேடினேன். வந்த முதல் பெயர் குர்குமின்.

குர்குமின் என்றால் மஞ்சளின் சாயம். சமையல் மஞ்சள், பூசு மஞ்சள், எல்லாவற்றுக்கும் அந்த நிறத்தைக் கொடுப்பது அதுதான்.

எலி மூளைக்குள் மஞ்சள் எப்படி வரும் என்று ஒரு நிமிஷம் முழித்தேன். அப்புறம் கண்ணுக்கு முன்னால் இசக்கியின் கழுத்து வந்தது. மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோர்க்கும் வரைக்கும் தங்கச் சங்கிலி கிடையாது, மஞ்சள் கயிறுதான் என்பது அவள் மாமியாரின் சட்டம். தினமும் குளித்ததும் கயிற்றில் மஞ்சள் தேய்த்துக்கொண்டு வருவாள். ஜூன் மழையில் அது நனைந்து ஊறிப்போய் லேபுக்கு வரும். உறைபெட்டிக்குள் குனிந்து மூளையை வெட்டும்போது கயிறு சுடிதாருக்கு வெளியே வந்து ஊஞ்சலாடும். கையுறை போட்ட கையாலேயே அதை உள்ளே தள்ளிவிட்டு, அதே கையால் ஸ்லைடை எடுப்பாள். நானே பார்த்திருக்கிறேன். ஸ்லைடை வலது ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான். ஓரத்தில் ஒட்டிய மஞ்சள், மெத்தனால் தெளித்ததும் கரைந்து வலது பக்கத்து மூளை மேல் பரவியிருக்கிறது. நல்ல எலிகளை வெட்டியது கல்யாணத்துக்கு முன்னால், நோய் எலிகளை வெட்டியது கல்யாணத்துக்குப் பின்னால். வித்தியாசம் நோயில் இல்லை, இசக்கியின் கழுத்தில்!

அவளுடைய ஸ்லைடு ஒன்றை எடுத்துப் புற ஊதா விளக்கின் கீழே வைத்தேன். வலது ஓரம் பச்சை கலந்த மஞ்சளாகப் பளீரென்று ஒளிர்ந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல? வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மாட்டினாளா மகாராணி!

திங்கட்கிழமை அவள் டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினாள்.

"ஒனக்குப் புடிக்கும்னு சொதி கொண்டாந்தேன்க்கா. மாமியார் வச்சது. அவ்வோ தூத்துக்குடில்லா, கொஞ்சம் வேற மாரி இருக்கும்."

சாப்பிட்டோம். அவளுக்குக் குழி தோண்டிக்கொண்டே அவள் சொதியைச் சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் மணக்க, சொதி நன்றாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் லேப்டாப்பைத் திறந்து புதன்கிழமை பேசப் போவதை எனக்குக் காட்டினாள்.

"ஒரு தடவ நல்லா பாரேன்க்கா. தப்பு கிப்பு இருந்தா இப்பவே சொல்லிரு. அங்கன போயி நான் முழிக்கக் கூடாது."

வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து அவள் ஃபோன் அடித்தது. மகேஷ்குமார். "சாப்ட்டியா?" என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறான். "ம்ம். நீங்க? ச்சீ, போங்க" என்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் லேப்டாப்பை மூடினேன்.

"நல்லாத்தான்ட்டி இருக்கு" என்றேன்.

புதன்கிழமை மீட்டிங்கில் இசக்கி நன்றாகவே பேசினாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். முடித்ததும் சார், "கேள்வி?" என்றார். நான் கையைத் தூக்கினேன். மீட்டிங்கில் எல்லாம் இங்கிலீஷ்தான்.

"நல்ல எலிகளை எப்போது வெட்டினாய்?"

"ஏப்ரலில்."

"நோய் எலிகளை?"

"ஜூனில்."

"நடுவில் என்ன நடந்தது?"

அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். "கல்யாணம்" என்றாள். அறை முழுக்கச் சிரித்தது. சாரும் சிரித்தார். அவ்வளவுதான், நான் எழுந்தேன். இரண்டு எடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் போட்டேன். வலையைச் சுருக்கிக் காட்டினேன். சிவப்பு மறைந்தது. விளக்கை அணைக்கச் சொல்லி அவள் ஸ்லைடைப் புற ஊதா வெளிச்சத்தில் பிடித்தேன். எல்லோரும் அந்தப் பளபளப்பைப் பார்த்தார்கள். பிறகு தமிழில் அவளிடம் சொன்னேன்:

"கழுத்துல கெடக்கத எடுத்து வெளிய காட்டுட்டி."

தேவையே இல்லை. நிரூபித்து முடிந்தாயிற்று. ஆனாலும் சொன்னேன். இசக்கி முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகக் கயிற்றை வெளியே எடுத்தாள். காலை மழையில் நனைந்து இன்னும் ஈரமாக இருந்தது. அவள் விரல் மஞ்சளாயிற்று. சார் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் லேபிலேயே வாயாடியான மெஹக்கூட, "ஹல்தி? சச் மே?" என்று, மஞ்சளா நிஜமாவா என்று இந்தியில் கிசுகிசுத்துவிட்டு அடங்கிவிட்டாள்.

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

"அக்கா சொல்லுதது சரிதான் சார். கையுறையோடதான் உள்ள தள்ளுவேன். ஏந்தப்புதான்" என்றாள். நான் எதிர்பார்த்த ருசி அதில் இல்லை. ஆனாலும் ஜெயித்துவிட்டேன், அது போதும் என்று உட்கார்ந்தேன். முதல் படம் மறுபடியும் காலி. டிசம்பருக்குள் என்னுடையதை ஏதாவது பண்ணித் தேற்றிவிடலாம்.

சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி. மஞ்சள் பட்ட இடத்துல மத்ததெல்லாம் எவ்வளவு கெட்டுப்போயிருக்குன்னு பாத்துடுவோம். ஒவ்வொண்ணா போடச் சொல்றேன்" என்றுவிட்டு மெஹக்கிடம் அதையே இங்கிலீஷில் சொன்னார். மெஹக் ஒவ்வோர் எடையாகத் தட்டினாள். கொழுப்புகள் வந்தன, சர்க்கரைகள் வந்தன. ஒன்றும் விசேஷமில்லை. பழக்க தோஷத்தில் டோபமின் எடையையும் தட்டினாள்.

இடது பக்கம் எப்போதும் போல ஒரே கலங்கல். வலது பக்கம், மூளையின் நடு ஆழத்தில், அவரை விதை வடிவத்தில் ஓர் இடம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. ஓரம் பிசகாமல், சுற்றிலும் ஒரு பொட்டு இரைச்சல் இல்லாமல். டோபமின் எங்கே இருக்க வேண்டும் என்று பாடப் புத்தகம் சொல்கிறதோ, அங்கேதான்.

யாருக்கும் புரிவதற்கு முன்னால் எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் படத்தை ஆறு வருஷமாகக் கனவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மஞ்சள் எங்கள் பொடியின் இரைச்சலை அமுக்கி, டோபமினை மட்டும் தூக்கிவிட்டிருக்கிறது. எத்தனை பொடி மாற்றினேன், எத்தனை எலி, எத்தனை தீபாவளி பொங்கலை லேபில் கழித்தேன்! நான் தேடியது அவள் தாலிக் கயிற்றிலிருந்து சொட்டியிருக்கிறது. அதையும் ஊரைக் கூட்டி, விளக்கை அணைத்து, நானே காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"மாரி, இது நீ தேடிண்டிருந்ததுன்னா!" என்று சார் எழுந்தே விட்டார்.

"ஆமா சார்" என்றேன். எனக்கு அந்த எந்திரத்தையே தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது.

அதற்கப்புறம் ஒரு மாதம் வேறு பேச்சே இல்லை. ரசாயனக் கம்பெனியிலிருந்து சுத்தமான குர்குமின் வாங்கி, புது எலிகள், புது ஸ்லைடுகள். நான் வெட்டினேன், அவள் தெளித்தாள். மூளையின் இரண்டு பக்கமும் இரண்டு அவரை விதைகள் மாதிரி டோபமின் ஒளிர்ந்தது. நல்ல எலி, நோய் எலி எல்லாவற்றையும் கலந்து, எது எதுவென்று தெரியாமல் வெட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் வந்தது. அந்த மாதம் பூராவும் நானும் அவளும் வேலைப் பேச்சைத் தவிர ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சொதியும் வரவில்லை.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சார் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்கிற ஆள் அவர்.

"இங்க பாருங்கோ. ஸ்லைடு இசக்கியோடது. அது மஞ்சள்னு கண்டுபிடிச்சது மாரி. டோபமின் மாரியோட வேலை, ஆனா அவளுக்கு வரலை, இவளோட தப்புலதான் வந்தது. எனக்குத் தலை சுத்தறது. நீங்க அக்கா தங்கைதானே, ஆத்துலயே பேசி முடிவு பண்ணிட்டு, யார் பேர் முதல்லன்னு திங்கட்கிழமை சொல்லுங்கோ."

அன்றைக்கு மகேஷ்குமார் வரவில்லை. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் சயானுக்கு ஏறினோம். நான் என் வாதத்தையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். நீ தப்புப் பண்ணினாய், நான் கண்டுபிடித்தேன். உனக்கு என்ன கிடைத்தது என்று உனக்கே தெரியாது. கேட்டால் இதையெல்லாம் கத்திவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பஸ் குர்லா பக்கம் நெரிசலில் நின்றபோது அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஒம்பேரே மொதல்ல இருக்கட்டும்க்கா. டிசம்பர்ல ஒனக்கு முடியுதுல்லா. எனக்கு இன்னும் வருசம் கெடக்கு. சார்ட்ட மெசேஜ் போட்டுட்டேன்."

அவ்வளவுதான். இரண்டு வரி. நான் அடுக்கி வைத்ததற்கெல்லாம் வேலையே இல்லை.

"சரி" என்றேன். வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை. சண்டை போட்டுப் பிடுங்கியிருந்தால் ருசித்திருக்கும். இவளோ பஸ்ஸில் ஸீட் விட்டுக் கொடுப்பது மாதிரி கொடுத்துவிட்டாள். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, வீடு இருக்கிறது, ரெயின்கோட்டோடு ஆள் இருக்கிறான், போனால் போகிறது என்று தூக்கிப் போடுகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"நீ விட்டுக் குடுத்தன்னு யார்ட்டயும் சொல்லாத" என்றேன்.

"சொல்ல மாட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அடுப்படியில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் என்று நினைத்து மனசு குளிர்ந்து போனேன். முதல் பெயர் என்றால் என்ன, பட்டம் என்றால் என்ன என்று முந்தின நாள்தான் அவளுக்கு உட்கார்ந்து விளக்கியிருந்தேன்.

"இசக்கி விட்டுக் குடுத்துட்டாளாமே!" என்றாள் அம்மா. முகமெல்லாம் பூரிப்பு. "ஒஞ்சித்தி இப்பத்தான் ஃபோன் பண்ணுனா. கேட்டதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. தங்கம்லா அவ! யாருக்கு வரும் அந்த மனசு? எதுத்த வீட்டு கோமதிநாயகம் அண்ணாச்சி சம்சாரம்கூட சொல்லுதா, இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையான்னு."

"பட்டம் வாங்கப் போறது நாந்தாம்மா."

"அதான், அவ குடுத்துல்லா நீ வாங்குத. இந்தா, சூடா இருக்கு. கொண்டுபோயி அவகிட்ட குடுத்துட்டு, வாய் நெறைய நாலு வார்த்த நல்லா சொல்லிட்டு வா."

தூக்குவாளியைக் கையில் திணித்துவிட்டாள். நான் கொதித்துக்கொண்டு நடந்தேன். தொண்ணூறு அடி ரோட்டில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர். யார்ட்டயும் சொல்ல மாட்டேன் என்றாளே, இரண்டு நாள் தாங்கவில்லை! கட்டுரையில் என் பெயர் முதலில் வரும். தெருவில் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். இது அவளுக்குத் தெரியாதா? எல்லாம் தெரிந்துதான் கொடுத்திருக்கிறாள், கள்ளி. கேட்டே விடுவது என்று சயான் வரைக்கும் மழையில் அதையேதான் பேசிக்கொண்டு போனேன்.

மணியடித்ததும் இசக்கியே கதவைத் திறந்தாள்.

அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தன. மூக்கு சிவந்து, தலை கலைந்து, முந்தின நாள் போட்ட சுடிதாரோடு நின்றாள். வீட்டில் வேறு யாரும் இல்லை போலிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் உதடு கோணிற்று.

"குடுத்தாச்சில்லா. பொறவு எதுக்கு வந்த? நான் எப்படிக் கெடக்கேன்னு பாக்கவா?"

"அம்மா பாயாசம் குடுத்து விட்டா. நீ பெரிய மனசுக்காரியாம். ஊரெல்லாம் சொல்லுது. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்ன?"

"நான் யார்ட்ட சொன்னேன்? அம்மாட்ட ஃபோன்ல அழுதேன். அழுதத விட்டுட்டு, குடுத்தத மட்டும் அது பெருமையா ஒங்கம்மாட்ட சொல்லிருக்கு." புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "பெரிய மனசாம்! நேத்துல இருந்து பத்து தடவ ஃபோன எடுத்துட்டேன், சார்ட்ட குடுத்தது வாபஸ்னு சொல்லிரலாம்னு. அந்தப் படம் என் ஸ்லைடுல வந்ததுக்கா. என் ஸ்லைடு! நீ எல்லார் முன்னாடியும் என்னய நிக்க வச்சுக் கேட்ட. நான் தின்னத் தந்தத தின்னுட்டு, தப்பு இருக்கான்னு கேட்டப்ப இல்லன்னு சொன்ன. பொறவும் குடுத்தேன். ஏங் குடுத்தேன்னு எனக்கே தெரியல. ஒன்னய நெனச்சாலே ஆத்திரமா வருது."

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பஸ்ஸில் அவள் தூக்கிப் போடவில்லை. அவளுக்கு அது என் அளவுக்கே வேண்டியிருந்திருக்கிறது, அதையே பிய்த்து என் கையில் கொடுத்திருக்கிறாள். அவள் கண் வீங்கியிருந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. கூடவே ஓங்கி யாராவது என்னை அறைந்தால் தேவலை என்றும் இருந்தது.

"வாபஸ் வாங்கணும்னா இப்பவே வாங்கிக்கோட்டி. சார்க்கு நானே ஃபோன் போடுதேன்" என்றேன். அந்த நிமிஷம் நிஜமாகத்தான் சொன்னேன்.

"ஒண்ணும் வேண்டாம். குடுத்தது குடுத்ததுதான்." அவள் கதவை விட்டு நகராமல் நின்றாள். "ஆனா அடுத்த பேப்பர்ல ஒன்னய மிதிச்சுட்டுப் போவேன். பாத்துக்க."

"அப்படி வா வழிக்கு. போ, யாரு வேண்டாம்னா? தள்ளு, கை சுடுது."

அவள் தள்ளவில்லை. நான்தான் அவளை இடித்துக்கொண்டு உள்ளே போனேன். பின்னாலேயே வந்தவள் தூக்குவாளியை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். இரண்டு டம்ளர் எடுத்து வைத்தாள். தன் டம்ளரில் விளிம்பு வரைக்கும், முந்திரியாகப் பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொண்டாள். எனக்கு அரை டம்ளர்தான் ஊற்றினாள்.